கயிறா, சொல்லா?

“நோயாளி அடிக்கக் கை ஓங்குகிறான், அவனைக் கட்டிப்போடாமல் பக்கத்தில் இருந்து தாலாட்டுப் பாடச் சொல்கிறீரா?” மன்னாரில் நடந்த ஆசிரியர் கூட்டமொன்றின் இடைவேளையில், தேநீர்க் கோப்பையைக் கையில் ஏந்தியவாறு நண்பரொருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். சுற்றி நின்றோர் சிரித்தனர். அந்தச் சிரிப்புக்குத்தான் இக்கட்டுரை மறுமொழி.

நண்பர் கொடியவர் அல்லர். முற்போக்கு ஏடுகளை வாங்கிப் படிப்பவர். வேலைநிறுத்தம் என்றால் முதல் வரிசையில் நிற்பவர். சிறையில் ஒருவனைச் சங்கிலியிட்டார்கள் என்று கேள்விப்பட்டால் கண்டனத் தீர்மானத்துக்குத் தாமே வாசகம் எழுதுவார். அத்தகையவருக்கு, குற்றம் எதுவும் செய்யாத நோயாளி ஒருவன் கட்டிலோடு சேர்த்துக் கட்டப்படுவது மட்டும் ஏன் நகைப்புக்குரிய செய்தியாகிறது? கயிறு அங்கே மருத்துவத்தின் வேடம் பூண்டிருக்கிறது. வேடத்தைக் கண்டு ஏமாறுவது நமது பழைய பழக்கம்.

மறிச்சுக்கட்டி என்றால் நம்மிற் பலருக்கு மன்னார் மாவட்டம் முடிந்து வில்பத்துக் காடு தொடங்கும் இடம் என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது முசலிப் பகுதியின் ஏனைய ஊர்களைப் போல இவ்வூரும் வெறுமையாயிற்று. 2009 இல் போர் முடிந்த பின்னரே மக்கள் புத்தளத்து அகதி வாழ்விலிருந்து திரும்பிவந்து, காடு மூடிய காணிகளின் எல்லைகளைத் தேடலாயினர். நான் இங்கே கற்பிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் அங்கே ஓலைக் கொட்டில்களில் வளர்ந்தவர்கள்; பாட்டன்மார் அங்கேயே நரை கண்டவர்கள்.

அத்தகைய பாட்டனார் ஒருவர். நீரிழிவுக்காரர். இரண்டு நாட் காய்ச்சலில் வாயில் எதையும் வைக்கவில்லை. ஆனால் கிளினிக்கில் தந்த குளிசையைத் தவறாது விழுங்கியிருந்தார். இரவு ஒன்பது மணியளவில் வியர்த்துக் கொட்டி, நாக்குக் குழறி, தம் மகளையே யாரென்று தெரியாமல் தள்ளிவிட்டார். வாகனம் பிடித்துக் கொண்டுபோனோம். எந்த வைத்தியசாலை என்பதைச் சொல்லப் போவதில்லை. பெயரைச் சொன்னால் வாசகர் அந்த ஒன்றைத் திட்டிவிட்டு மற்றவற்றை மறந்துவிடுவர்.

வாசலிலேயே தீர்ப்பு ஆயிற்று: “நல்லாக் குடிச்சிருக்கிறார்.” மகள் தலையில் அடித்துக்கொண்டாள். “எங்கட வாப்பா வாழ்க்கையில ஒரு துளி குடிச்சவரில்லை, சேர், நீங்களாவது சொல்லுங்களேன்!” நான் சொன்னேன். யார் காதிலும் அது ஏறவில்லை. காவலாளி ஒருபுறம் அதட்டினார். தாதி ஒருபுறம் “படுங்க, படுங்க” என்றார். உறவினர் மூவர் மூன்று திசையில் நின்று மூன்று விதமாய்க் கத்தினர். கிழவர் மேலும் திமிறினார். விரலில் ஊசி குத்தி இரத்தச் சீனி பார்க்க முனைந்து இரண்டு முறை தோற்றார்கள். பிறகு பந்தனத் துணியைக் கயிறாக முறுக்கிக் கையையும் காலையும் கட்டிலின் இரும்போடு பிணைத்தார்கள். இடது காலைப் பிடித்துக்கொடுத்தவன் நான்.

அப்போது சிற்றூழியராகப் பணிபுரியும் ஒரு நடுத்தர வயதுப் பெண், கையிலிருந்த வாளியைச் சுவரோரம் வைத்துவிட்டு, எங்கள் எல்லோரையும் திரைக்கு அப்பால் போகச் சொன்னார். தாம் கட்டிலிலிருந்து சற்றுத் தள்ளியே ஒரு முக்காலியில் அமர்ந்தார். “காக்கா, நான் உங்களைத் தொடமாட்டன். தண்ணி வேணுமெண்டா சொல்லுங்க.” இவ்வளவே. சிறிது நேரம் சும்மா இருந்துவிட்டு அதையே மீண்டும் சொன்னார். மூன்றாம் முறை கிழவரின் தலை அந்தப் பக்கம் திரும்பியது. “ஒரு கையை அவிழ்த்துவிடப் போறன். இந்தப் பிள்ளை விரலில ஒரு சின்னக் குத்துக் குத்தும். குத்தட்டோ?” கிழவர் என்ன விளங்கிக்கொண்டாரோ தெரியாது, கை மட்டும் அமைதியாய் இருந்தது. சீனி நாற்பதுக்கும் கீழே நின்றது. நாளத்தில் குளுக்கோசு ஏறிச் சில நிமிடங்களில் அவர் கண் தெளிந்து, கால்மாட்டில் நின்ற என்னைப் பார்த்துக் கேட்டார்: “என்னை ஏன் கட்டினீங்க?”

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இருக்கவில்லை. இன்றும் இல்லை. ஆனால் ‘கட்டுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை’ என்ற பொய்யை இனி நான் சொல்ல முடியாது. வழி ஒரு வாளியோடு அந்த அறையிலேயே நின்றுகொண்டிருந்தது.

சொல் அவருடைய சீனியை உயர்த்தவில்லை, குளுக்கோசே உயர்த்தியது. நாம் மந்திரவாதிகள் அல்லர். ஆனால் சொல் இல்லாதிருந்தால் அந்தக் குத்து இல்லை. குத்து இல்லாதிருந்தால் நோய் இன்னதென்று தெரியாது. தெரியாதிருந்தால் ‘குடிகாரன்’ என்ற தீர்ப்போடு விடியும்வரை கட்டுண்டு கிடந்து, அந்த மனிதர் அப்படியே அடங்கியிருக்கக்கூடும். அடங்கியதைக் கண்டு நாமும் ‘அப்பாடா, தூங்கிவிட்டார்’ என்று வீடு திரும்பியிருப்போம்.

கொந்தளிப்பு ஒரு நோயன்று, நோயின் அடையாளம். மூளைக்குப் பிராணவாயு குறைந்தாலும் மனிதன் கையை ஓங்குவான். தலையில் அடிபட்டவன் திமிறுவான். முதியவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டாலும், கிருமி இரத்தத்தில் ஏறினாலும் அவர் பிதற்றுவார். குடியைத் திடீரென நிறுத்தியவன் இரண்டாம் மூன்றாம் நாளில் இல்லாத பூச்சிகளைச் சுவரில் காண்பான். பொறுக்கமுடியாத வலியும், பயமும், மனநோயும் இதே வடிவில் வரும். இவற்றையெல்லாம் ஒரே முடிச்சில் கட்டிவைத்தால் எது எதுவென்று யார் பிரித்தறிவது? கயிறு நோயாளியின் வாயையும் சேர்த்துத்தான் கட்டுகிறது.

மறிச்சுக்கட்டி மணலுக்குக் கட்டுண்ட நோயாளியின் கதை புதிதன்று. இக்கரை ஒரு காலத்தில் முத்துக்குளிப்பின் தலைவாசல். சில வாரங்களுக்கு மட்டும் மணலில் ஒரு நகரம் எழும். கீழக்கரையிலிருந்தும் அரபுக் கரைகளிலிருந்தும் சுழியோடிகள் வந்து குவிவர். சிப்பி அழுகும் நாற்றத்தில் ஏலம் நடக்கும். பின் ஓலையும் கம்பும் மட்டும் மிஞ்சும். 1906 ஆம் ஆண்டுக் குளிப்பின்போது இங்கே பணிக்கு வந்த இளம் வெள்ளைக்கார உத்தியோகத்தர் லெனாட் உல்ஃப். பின்னாளில் ஏகாதிபத்தியத்தை எதிர்த்து எழுதிய அந்த உல்ஃப்தான். ‘முத்துக்களும் பன்றிகளும்’ என்று பொருள்படும் தலைப்பில் அவர் எழுதி 1921 இல் வெளிவந்த சிறுகதைக்குக் களம் இத்தகைய முத்துக்குளிப்பு முகாமே. அதில் வரும் வெள்ளைக்கார வியாபாரி ஒருவன் குடிச்சன்னி கண்டு வெறிகொள்கிறான், கட்டிவைக்கிறார்கள், தன் வாழ்நாட் கொடுமைகளையெல்லாம் அலறியபடி அவன் சாகிறான். அதே இரவில் கடலில் இறந்த அரபுச் சுழியோடி ஒருவனின் உடல் கரை சேர, தோழர்கள் அமைதியும் மரியாதையுமாகத் துயர் காக்கிறார்கள். நாகரிகம் எவரிடம் இருக்கிறது என்பதே கதாசிரியரின் கேள்வி. நல்ல கேள்வி.

என் கேள்வி வேறு. அந்த முகாமில் கயிற்றைத் தவிர அவர்களிடம் என்ன இருந்தது? குடிச்சன்னிக்கு இன்று கொடுக்கும் தயமின் என்னும் உயிர்ச்சத்து 1926 இல்தான் பிரித்தெடுக்கப்பட்டது. அத்தகைய நோயாளியை ஆபத்தின்றி அமைதிப்படுத்தும் பென்சோடயசெப்பீன் வகை மருந்துகளில் முதலாவது சந்தைக்கு வந்தது 1960 இல். 1906 ஆம் ஆண்டின் மனிதருக்கு அறியாமை ஒரு சமாதானம். நமக்கு அதுவும் கிடையாது. மருந்து இருக்கிறது, சீனி பார்க்கும் கருவி சட்டைப்பையில் அடங்குகிறது, சொல்லால் தணிப்பது எப்படி என்பது எழுத்தில் வகுக்கப்பட்டுக் கிடக்கிறது. ஆனாலும் கை முதலில் போவது பந்தனத் துணிக்கு!

வகுக்கப்பட்டிருக்கிறது என்றேன். 2012 இல் அமெரிக்க அவசர உளமருத்துவர் சங்கத்தார் இதற்கென விதிகளைத் தொகுத்து வெளியிட்டனர். அவற்றைப் படித்தபோது எனக்கு வியப்பே மேலிட்டது. அந்த வாளிக்காரப் பெண் செய்தவற்றிற் பாதி அங்கே அச்சிலிருந்தது. நோயாளியிடமிருந்து இரண்டு கை நீளமாவது தள்ளி நில். அவனுக்கும் வெளியேற வழி விடு, உனக்கும் விடு. கையை மறைக்காதே, கண்ணை உருட்டாதே. பேசுபவர் ஒருவராகவே இருக்கட்டும். வாக்கியம் குறுகியதாக இருக்கட்டும்; கலங்கிய மனத்தில் நீண்ட வாக்கியம் நிற்காது, ஆகவே சொன்னதையே திரும்பச் சொல். அவனுக்கு என்ன வேண்டும் என்று கேள். அவன் சொல்வதில் உண்மை எள்ளளவு இருந்தாலும் அந்த எள்ளளவை ஒப்புக்கொள்: மூன்று மணி நேரம் காக்கவைத்தார்கள் என்று கத்துகிறானா, ‘ஆம், காக்கவைத்தது பிழை’ என்று சொல். பொய் வாக்குறுதி கொடாதே.

இவற்றினும் பெரியது தெரிவு. ‘ஊசி போடப் போகிறோம், பிடியுங்கள்’ என்பது கட்டளை. ‘குளிசையாக விழுங்குகிறீர்களா, ஊசியாகப் போடட்டுமா’ என்பது தெரிவு. உடல் தன்வசம் இல்லை, நினைவு தன்வசம் இல்லை, உடுத்திருக்கும் சாரங்கூடத் தன்னுடையதில்லை என்ற நிலையிற் கிடப்பவனுக்குத் தீர்மானிக்க ஒன்றேயொன்று கொடுத்தாலும் அவன் மீண்டும் மனிதனாகிறான். அதே வேளையில் எல்லையையும் தெளிவாகச் சொல்லவேண்டும்: ‘அடிக்கக்கூடாது, அடித்தால் இவ்வாறு செய்யவேண்டி வரும்.’ மிரட்டலுக்கும் எல்லைக்கும் உள்ள வேறுபாடு குரலில் இருக்கிறது. வகுப்பறையில் நிற்பவர்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை. விளக்கவேண்டியிருந்தால் அது நமக்கு வெட்கக்கேடு. எல்லாம் அடங்கிய பின்னர் நோயாளியோடும் ஊழியரோடும் தனித்தனியே இருந்து, என்ன நடந்தது, எங்கே பிசகிற்று என்று பேசவேண்டும் என்பது கடைசி விதி. நம் நாட்டில் இந்தக் கடைசி விதி எவருக்கு நினைவுக்கு வருகிறது? என் கிழவருக்கு அவருடைய கேள்விக்கு விடைகூடக் கிடைக்கவில்லை.

‘இதற்கெல்லாம் நேரம் எங்கே?’ என்பார்கள். கணக்குப் பார்ப்போம். அந்த விதிகளைத் தொகுத்தோரே, பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் பலன் காணலாம் என்கிறார்கள். அன்றிரவு ஒருவரைக் கட்ட ஆறு பேர் வேண்டியிருந்தது. கட்டிய பின் ஒருவர் இடைவிடாது பார்த்திருக்கவேண்டும்: இரத்தவோட்டம் தடைப்படலாம், வாந்தி மூச்சுக்குழலில் இறங்கலாம், நெடுநேரம் அசையாத காலில் இரத்தம் உறைந்து நுரையீரலை அடைக்கலாம். பார்த்திருக்க ஆளில்லை என்பதற்காகத்தான் கட்டுகிறோம் என்கிறவர்கள், கட்டியதனால் கூடுதலாகப் பார்க்கவேண்டும் என்பதை அறிவார்களா? ஆளில்லாத விடுதியிற் கயிறு இரட்டை ஆபத்து.

‘ஊழியர் அடிவாங்கவேண்டுமா?’ என்பது இன்னொரு கேள்வி. இதை நான் இலேசாகத் தள்ளமாட்டேன். தாதியரும் சிற்றூழியரும் கடிபடுகிறார்கள், உதைபடுகிறார்கள், அவர்களும் உழைப்பாளிகள், அவர்களுடைய உடலும் உடல்தான். கையில் கத்தி இருப்பவனிடம் முக்காலி போட்டு உட்காரும்படி எவரும் சொல்லவில்லை. சொல் தோற்கும் இடம் உண்டு. அங்கே மருந்தும் வேண்டும், சிறிது நேரம் பிடித்து நிறுத்தவும் வேண்டும். ஆனால் சொல்லிப் பார்க்காமலே தோற்றுவிட்டதாகச் சொல்லக் கூடாது. இங்கிலாந்தில் ‘சேஃப்வார்ட்ஸ்’ என்ற பெயரில் உளநல விடுதிகளில் மென்சொல்லையும் தணிவிக்கும் பேச்சையும் வேறு சில எளிய மாற்றங்களையும் முறையாகப் புகுத்திப் பார்த்தனர். 2015 இல் வெளியான அதன் முடிவு: மோதல்கள் 15 சதவீதமும், பிடித்தல், அடைத்தல், வலிந்து ஊசியிடுதல் போன்ற அடக்கு நடவடிக்கைகள் 26.4 சதவீதமும் குறைந்தன. மோதல் குறைந்தால் அடி குறைந்தது என்று பொருள். ஊழியரின் பாதுகாப்பு என்ற பெயரால் கயிற்றை ஆதரிப்போர் ஊழியரின் பாதுகாப்பைப் பற்றியாவது நேர்மையாகச் சிந்திக்கட்டும்.

மூன்றாவது வாதம் இனிப்புப் பூசியது. ஆதலால் இதுவே எனக்கு மிகுந்த சினம் மூட்டுவது. ‘அதெல்லாம் சிலருக்கு இயல்பாக வாய்த்த தெய்வ குணம், தாயுள்ளம், எல்லோருக்கும் வராது.’ அந்தச் சிற்றூழியரைப் பற்றி நான் சொன்னபோது வைத்தியசாலையோடு தொடர்புடைய பெரியவர் ஒருவர் கண் கலங்கி இதைத்தான் சொன்னார். தெய்வம் என்றால் சம்பளம் கேளாதல்லவா? தாயுள்ளம் என்றால் பயிற்சிச் சான்றிதழ் தரவேண்டியதில்லை, பதவி உயர்வு வேண்டியதில்லை, இரவுப் பணிக்கு இன்னொருவரை நியமிக்கவேண்டியதில்லை. திறமையைக் குணம் என்று பெயர்மாற்றி இலவசமாய் எடுத்துக்கொள்வது முதலாளித்துவத்தின் பழைய தந்திரம். பெண்களின் உழைப்பு முழுவதையும் இப்படித்தான் விழுங்கியிருக்கிறது. அந்தப் பெண் செய்தது குணமன்று, தொழில். ஊசி போடுவதைக் கற்பிப்பதுபோல் அதையும் கற்பிக்கலாம், ஒத்திகை பார்க்கலாம், தேர்வு வைக்கலாம், அதற்கு ஊதியமும் கொடுக்கலாம்.

வரலாறும் இதே அநீதியைச் செய்திருக்கிறது. பாரிசு நகரத்துப் பிசேத்ர் வைத்தியசாலையில் மனநோயாளரின் விலங்கை உடைத்தவர் பீனல் என்ற பெருவைத்தியர் என்று நெடுங்காலம் ஓவியம் தீட்டிப் புகழ்ந்தனர். 1797 இல் அங்கே சங்கிலியை விலக்கியவர் ழான் பத்தீஸ்த் புசேன். தோல் பதனிடும் தொழிலாளியாயிருந்து, நோயாளியாக அங்கே வந்து, குணமான பின் அங்கேயே ஊழியராகித் தங்கிவிட்டவர். வைத்தியப் பட்டம் எதுவும் பெறாதவர். பீனல் தாமே அவரிடம் கற்றதாக ஒப்புக்கொண்டார்; ஓவியர்களுக்குத்தான் அது போதவில்லை. 1839 இல் இலண்டனை அடுத்த ஹான்வெல்லில் ஜோன் கொனொலி நூற்றுக்கணக்கான நோயாளிகள் இருந்த பெரிய வைத்தியசாலையில் இயந்திரக் கட்டுகளையெல்லாம் ஒழித்துக்காட்டினார். நல்ல ஊழியர் போதிய அளவில் இல்லாமல் இது இயலாது என்று வற்புறுத்தியவரும் அவரே. நாம் வெட்கப்படவேண்டியது, இதை அயலார் சொல்லிக் கேட்கவேண்டியதே இல்லை என்பதற்காக. குறளின் ‘மருந்து’ அதிகாரம் மருத்துவத்தின் உறுப்புகளை எண்ணும்போது நோயாளி, மருத்துவன், மருந்து என்பவற்றோடு அருகிருந்து பணிசெய்வோனையும் சமமாகச் சேர்த்து நான்கென்கிறது. அந்த நான்காம் உறுப்பைத்தான் நாம் சிற்றூழியர் என்கிறோம். பெயரிலேயே சிறுமை ஒட்டியிருக்கிறது!

எல்லோரையும் கட்டுகிறார்களா? இல்லை. இதுதான் விடயத்தின் மையம். பெருநகரத் தனியார் வைத்தியசாலையில் கட்டணம் செலுத்திய கனவான் தட்டை வீசியெறிந்தால் மூவர் ஓடிவந்து குனிந்து நின்று, ‘என்ன குறை, சேர்?’ என்பார்கள். அங்கே சொல்லால் தணிக்கும் கலை எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எவரும் அதைத் தெய்வ குணம் என்று வியப்பதில்லை. கூலிக்காரன் தட்டை எறிந்தால் அவன் மூர்க்கன். ஆகவே கலை தெரியாமலில்லை. யாரிடம் அதைச் செலவிடுவது என்ற தீர்மானம் முன்கூட்டியே எடுக்கப்பட்டிருக்கிறது.

நம் வடபுலத்தில் இதன்மேல் இன்னும் இரண்டு பாரங்கள் உண்டு. ஒன்று மொழி. 1987 இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. பெயர்ப்பலகையிலும் படிவத்திலும் அதைத் தேடிக்கொண்டிருக்கிறோம். மொழியுரிமை உண்மையில் அளக்கப்படும் இடம், நள்ளிரவில் தன்னை மறந்து அலறும் ஒரு மனிதனின் கட்டிலருகே. தெற்கிலிருந்து வந்து நல்லுள்ளத்தோடு பணிபுரியும் தாதி, ‘பயப்படாதீங்க’ என்ற ஒரு சொல்லைத் தமிழிற் சொல்லப் பயிற்றப்படாமல் இங்கே அனுப்பப்பட்டிருந்தால், அவர் கையில் மிஞ்சுவது சைகையும் கயிறும்தான். குற்றம் அவருடையதன்று; அனுப்பியவர்களுடையது. தெற்கத்திய வைத்தியசாலையிற் சிங்களம் மட்டுமே தெரிந்த கிழவியிடம் தமிழ்த் தாதி நின்றாலும் இதே கதைதான்.

மற்றது நினைவு. போர் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், நம் மக்களின் மனத்தில் போர் விட்டுச்சென்ற வடுக்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். இங்கே கைகள் பின்னாற் கட்டப்பட்டு இருந்த அனுபவம் எத்தனை ஆண்களுக்கு இருக்கிறது! துவக்கு முனையில் வீட்டை விட்டு வெளியேறிய நாளை எத்தனை கிழவர்கள் சுமக்கிறார்கள்! அவர்களில் ஒருவர் காய்ச்சல் மயக்கத்திற் கண் திறக்கும்போது, சீருடை அணிந்த காவலாளி மேலே குனிந்து நிற்க, மணிக்கட்டிற் கட்டு இறுகுகிறது என்றால், அவர் வைத்தியசாலையிலா இருக்கிறார்? நாம் ‘மூர்க்கம்’ என்று பதிந்துகொள்வது அவருடைய நியாயமான நினைவாக இருக்கலாம்.

கடலுக்கு அப்பாலும் பார்ப்போம். மன்னார் வளைகுடாவின் மறுகரையில் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி. இக்கரையிலிருந்தும் தோணியேறி அக்கரைத் தர்காக்களுக்கு நேர்ச்சை வைக்கச் சென்ற தலைமுறைகள் உண்டு. தர்காவைச் சூழ்ந்து வளர்ந்திருந்த தனியார் மனநலக் காப்பகங்களில் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் தீப்பற்றியது. ஓலைக் கொட்டகை, உள்ளே சங்கிலியிற் பிணைக்கப்பட்ட நோயாளிகள். 28 பேர் மாண்டனர். ஓட முடிந்தவர்கள் ஓடினர், கட்டுண்டவர்கள் எரிந்தனர். நெருப்பு எப்படி மூண்டது என்பது சட்டத்தாரின் விசாரணைக்குரியது. ஏன் ஓடவில்லை என்பதற்கு விசாரணை வேண்டியதில்லை.

அன்று பலர் மக்களின் மூடநம்பிக்கையைச் சாடி எழுதினர். நம்பிக்கை கொண்டு அங்கே சென்ற ஏழையை ஏசுவது எளிது. அருகில் உளநல வைத்தியர் இல்லை, மருந்து இல்லை, வீட்டில் ஒருவர் நோயாளியோடு இருந்தால் அன்றைய கூலி இல்லை என்ற நிலையில் அந்தக் குடும்பங்கள் எங்கே போயிருக்கவேண்டும்? சங்கிலியைப் பூட்டியது காப்பகக்காரன் கை. அவனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது அரசின் இல்லாமை. இந்திய நாடு 2017 இல் இயற்றிய மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95 ஆம் பிரிவு எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்தது. 97 ஆம் பிரிவு, உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, பொறுப்பான உளமருத்துவரின் அனுமதியோடு மட்டுமே உடலைக் கட்டுப்படுத்தலாம் என்றது. சட்டம் ஏட்டில் இருப்பதாலேயே கயிறு அவிழ்ந்துவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் ஏட்டிலாவது இருந்தால் காட்டிக் கேட்கலாம். நம் தீவின் மனநோயாளர் சட்டமோ 1873 ஆம் ஆண்டுக் குடியேற்றக் கட்டளையின் வயிற்றிற் பிறந்தது. 1956 இல் திருத்தி ‘பைத்தியம்’ என்ற பெயரை நீக்கினார்கள். பெயர் மாறியது.

இனி நம்மைப் பற்றி ஒரு சொல். 2005 இல் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை பாடசாலையில் உடற்றண்டனையைத் தடைசெய்தது. பிரம்பு எங்கே போயிற்று என்பதும், போகாமல் எந்த அலுமாரிக்குப் பின்னால் நிற்கிறது என்பதும் நமக்குத் தெரியும். ‘நாற்பத்தைந்து பிள்ளைகள், ஒரு ஆசிரியர், என்ன செய்வது?’ என்கிறோம். வைத்தியசாலையிலும் அதே வாக்கியம், எண் மட்டும் வேறு. கூட்டத்தில் நண்பர் சிரித்தபோது நான் உடனே மறுக்காமல் நின்றதற்குக் காரணம் இதுதான்: அவருடைய சிரிப்பை நான் வகுப்பறையில் அறிவேன். உரத்துப் பேசினால் அடங்கும் பிள்ளை நான் இல்லாத இடத்தில் இன்னொரு பிள்ளையிடம் உரத்துப் பேசும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏழெட்டு ஆண்டு பிடித்தது. தாதியர் கல்லூரியில் இருபது வயதில் நுழையும் பெண் நம்மிடமிருந்துதான் போகிறாள். கலங்கியவனிடம் எப்படிப் பேசுவது என்பதை அவள் நம்மிடத்திற் கண்டிருக்கவேண்டாமா?

ஊர் திரும்பியதும் பள்ளிவாசல் நிர்வாகத்தார் இருவர், மாதர் சங்கத்தார், நான் எனச் சிலர் கூடி ஒரு மனு எழுதினோம். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. எவரையேனும் கட்டினால், யார் கட்டளையிட்டார், எத்தனை மணிக்கு, எதற்காக, அதற்குமுன் யார் என்ன பேசிப் பார்த்தார், எப்போது அவிழ்த்தார் என்று எழுத ஒரு பதிவேடு. இரவுப் பணியில் தமிழ் பேசத் தெரிந்த ஒருவர் எப்போதும் இருக்கவேண்டும். திமிறும் நோயாளி எவருக்கும் குடித்திருக்கிறார் என்று சொல்லுமுன் சீனி பார்க்கவேண்டும். சிற்றூழியர் உட்பட அனைவருக்கும் கடமை நேரத்திலேயே, சம்பளத்தோடு பயிற்சி. அப்பயிற்சியைக் கற்பிப்போரில் அந்தப் பெண்ணும் ஒருவராக இருக்கவேண்டும், அதற்குரிய கொடுப்பனவோடு. இந்தக் கடைசி வரியைப் படித்துக் காட்டியபோது அவர் பதறிப்போய், “என்ர பேரைப் போட்டிராதீங்க, சேர், வேலைக்கு வினையாப் போயிடும்” என்றார். பெயரை எடுத்துவிட்டோம். வரி இருக்கிறது.

மனுவில் முதற் கையெழுத்து அந்தக் கிழவருடையது. கை நடுங்கியதால் எழுத்துக் கோணலாக விழுந்தது. விரலடையாளம் வைக்கலாமே என்றேன். மறுத்துவிட்டுத் தாமே எழுதி முடித்தார். இன்னும் பதில் வரவில்லை.